பாலியில் நான்கு இரவுகள்: தம்பதியர் குறும்பயணமும் பண்பாட்டு உலாக்களும்

பாலித் தீவுக்கு வரும் தம்பதியரின் பயணம் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைகிறது. கடலோரத்திலோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பிலோ உள்ள ஒரு ரிசார்ட்டில் நான்கைந்து இரவுகள் தங்கல். இடையிடையே ஒரு கோயில், ஒரு நடனம், ஒரு நெல்வயல், ஒரு கைவினை ஊர் என்று காரில் போய்த் திரும்பும் உலாக்கள். தேனிலவுக்கு வருவோர், மணநாளைக் கொண்டாட வருவோர், பிள்ளைகளைத் தாத்தா பாட்டி பொறுப்பில் விட்டுவிட்டுச் சில நாள் ஓய்வுக்கு வருவோர் எல்லோரும் இதையே கைக்கொள்கின்றனர். இந்த வார்ப்பு தானாக அமைந்துவிடவில்லை. 1971இல் வரையப்பட்ட ஒரு திட்டத்தில் அதன் அடிப்படை இருக்கிறது. பயணிகளின் பெருக்கத்திலிருந்து தீவின் வாழ்வைக் காப்பாற்றுவதுதான் அத்திட்டம் சொன்ன காரணம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, சில மணி நேர உலாவில் வருபவருக்கு என்ன கிட்டுகிறது, ஊருக்கு என்ன மிஞ்சுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 8 பாகையில் இருக்கிறது பாலி. பரப்பு ஏறத்தாழ 5,600 சதுர கிலோமீட்டர்; மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 43 லட்சம். இந்தோனேசியாவில் இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரே மாகாணம் இது. 2024இல் இங்கு வந்த வெளிநாட்டவர் 60 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்த இடம் இந்தியர்களுக்கு. வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை, மழைதான் மாறுகிறது: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட பருவம், நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். சென்னையிலிருந்து செல்வோர் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறுகிறார்கள். கடிகாரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்தால், நான்கு இரவுத் தங்கலில் முழுதாகக் கையில் நிற்பது மூன்று பகல்தான். பயண ஏற்பாடுகளில் நேரும் பெரும்பாலான தவறுகள் இந்தக் கணக்கை மறப்பதால் வருபவை.

தீவின் சுற்றுலா வரலாறு ஒரு பெரும் துயரத்துக்குப் பின் தொடங்கியது. 1906இல் பாடுங் அரசையும் 1908இல் குளுங்குங் அரசையும் டச்சுப் படை தாக்கியபோது, அரச குடும்பத்தாரும் பரிவாரமும் வெள்ளாடை உடுத்தித் துப்பாக்கிகளுக்கு நேரே நடந்து சென்று மடிந்தார்கள். அந்தச் செய்தி ஐரோப்பாவில் எழுப்பிய கண்டனத்துக்குப் பின், பாலியின் மரபைக் காப்பவர்களாகத் தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டிய நிலை டச்சு ஆட்சியாளர்களுக்கு வந்தது. அரசு சார்ந்த கப்பல் நிறுவனம் பயணிகளை ஏற்றி வந்தது. 1928இல் டென்பசாரில் பாலி ஹோட்டல் திறக்கப்பட்டது. கப்பலில் வந்தவர்கள் இரண்டு மூன்று நாள் தங்கி, காரில் தீவைச் சுற்றி, மாலையில் ஹோட்டலின் முன் நடனம் பார்த்துத் திரும்பினார்கள். குறும்பயணம் அன்றே இருந்தது.

பாலியை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் பலர் தம்பதியராக வந்தவர்கள் என்பது இத்தீவுக்கே உரிய ஒரு செய்தி. மெக்சிகோ ஓவியர் மிகுவேல் கோவாருபியாஸ் 1930இல் தம் மனைவி ரோசாவுடன் தேனிலவுக்கு வந்தார். மாதக்கணக்கில் டென்பசாரில் ஒரு பாலி வீட்டு வளாகத்திலேயே குடியிருந்தார். பின்னர் மறுபடியும் வந்து தங்கி, 1937இல் ‘ஐலண்ட் ஆஃப் பாலி’ என்ற நூலை வெளியிட்டார். இசையமைப்பாளர் காலின் மெக்ஃபீயும் மானிடவியலாளரான அவர் மனைவி ஜேன் பெலோவும் கமெலான் எனும் வெண்கலத் தாளக்கருவிக் குழுவின் இசைத்தட்டுகளைக் கேட்டு ஈர்க்கப்பட்டு 1931இல் வந்தனர். தீவின் உட்பகுதியில் உள்ள உபுடுக்கு அருகே சாயான் ஊரில் வீடு கட்டினர். மார்கரெட் மீடும் கிரிகரி பேட்சனும் 1936இல் சிங்கப்பூரில் மணம் முடித்த கையோடு பாலிக்கு வந்து, பாயுங் கெடே என்ற மலையூரில் களப்பணி செய்தார்கள். அதே ஆண்டு, பின்னாளில் கணவன் மனைவியான ராபர்ட் கோக்கும் லூயிஸும் கூட்டா கடற்கரையில் ஓலைக் கூரைக் குடில்களால் ஒரு விடுதி அமைத்தார்கள். கடலைப் பார்த்த தனிக் குடில், வெறும் மணல், நடுவே ஒரு பொதுக்கூடம் என்ற அந்த அமைப்பு இன்றைய ரிசார்ட்டின் முன்வடிவம். முதல் மூன்று இணைகளும் மாதங்களையும் ஆண்டுகளையும் செலவிட்டு அறிந்தவற்றைத்தான் இன்றைய உலா அட்டவணை மணிக்கணக்கில் வெட்டித் தருகிறது.

விடுதலைக்குப் பின் வந்த திருப்பம் கடலோர ஊரான சானூரில் நிகழ்ந்தது. ஜப்பானின் போர் இழப்பீட்டுப் பணத்தில் கட்டிய பத்து மாடி பாலி பீச் ஹோட்டல் 1966இல் திறக்கப்பட்டது. தென்னந்தோப்புக்கு மேலே துருத்தி நின்ற அந்தக் கட்டடம் தீவினருக்குப் பிடிக்கவில்லை. கட்டடங்கள் தென்னையின் உயரத்தை, அதாவது 15 மீட்டரை, தாண்டக்கூடாது என்ற விதி அதன்பின் வந்தது. பாலியின் ரிசார்ட்டுகள் தாழ்ந்து, பரந்து, தோட்டத்துக்குள் மறைந்து நிற்பதற்கு அதுவே காரணம். அதே சானூரில் 1962இல் சில குடில்களோடு தொடங்கிய தஞ்சுங் சாரி விடுதி, பாலி வீட்டு வளாகத்தின் மதிலையும் முற்றத்தையும் திறந்த மண்டபத்தையும் விடுதிக் கட்டடக்கலைக்குள் கொண்டுவந்தது. இன்று ‘வில்லா’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அந்த வழி வந்தது.

1969இல் ஙுரா ராய் விமான நிலையம் பன்னாட்டு விமானங்களுக்குத் திறந்ததும், வரப்போகும் கூட்டத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. உலக வங்கியின் ஆதரவோடு ஒரு பிரெஞ்சு ஆலோசனைக் குழு 1971இல் தந்த விடை இது: தெற்கு மூலையில், விளைச்சல் குறைந்த வறண்ட நுசா துவா நிலத்தில் ஹோட்டல்களை ஒரே வளாகமாகக் குவிக்க வேண்டும், அங்கிருந்து குறித்த சாலைகள் வழியே பயணிகள் உள்நாட்டுக்குப் போய், அன்றே திரும்ப வேண்டும். வளமான வயல்களும் ஊர்களும் தங்குமிடங்களிலிருந்து தள்ளி இருக்கும். இதற்காக 1973இல் ஓர் அரசு நிறுவனம் அமைந்தது. சுமார் 350 ஹெக்டேர் வளாகத்தில் முதல் பெரிய ஹோட்டல் 1983இல் திறந்தது. மாகாண அரசோ 1974இலேயே ‘பண்பாட்டுச் சுற்றுலா’வைத் தன் கொள்கையாகச் சட்டத்தில் எழுதிவிட்டது. திட்டத்தின் முதற்பாதி ஓரளவே நிறைவேறியது. கூட்டா, லெகியான், செமின்யாக், சாங்கு என்று கடற்கரை நெடுகவும், உபுடைச் சுற்றிய வயல்களிலும் விடுதிகள் முளைத்தன. எந்த வேலியும் அவற்றைத் தடுக்கவில்லை. இரண்டாம் பாதியான உலா மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

ரிசார்ட்டுக்குள் கிடைப்பதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. வேலையும் வீடும் பிள்ளைகளும் பிடித்து வைத்திருக்கும் இருவருக்கு, யாரும் கூப்பிடாத சில பகல்கள் அருமையானவை. நுசா துவாவில் அலையடக்கமான கடல், அகன்ற மணல், நடைபாதை. விமான நிலையத்திலிருந்து 2013இல் திறந்த கடல்மேல் சுங்கச்சாலை வழியே அரை மணிக்குள் வந்துவிடலாம். உபுடைச் சுற்றி ஆயுங் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கும் விடுதிகளுக்கு ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அங்கே கடல் இல்லை, மழையும் பசுமையும் தண்ணீர்ச் சத்தமும் உண்டு. நடனம், கோயில், வயல் ஆகியவற்றில் பெரும்பாலானவை உபுடுக்கு அருகில் இருக்கின்றன. தெற்குக் கடற்கரையிலேயே நான்கு இரவும் தங்கி, தினமும் உபுடுக்குப் போய்வருவது மிக மோசமான ஏற்பாடு: தென்பாலியின் சாலை நெரிசலில் நாளுக்கு நான்கு மணி நேரம் காரில் கழியும். இரண்டு இரவு உபுடிலும் இரண்டு இரவு கடலோரத்திலுமாகப் பிரிப்பது பொருந்தும். பெட்டியை ஒருமுறை கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும் என்பதுதான் அதிலுள்ள தொல்லை.

உலாக்களில் முதலில் வருவது நடனம். பெரும்பாலானோர் பார்ப்பது கெச்சாக்: நூற்றுக்கு நெருங்கிய ஆண்கள் இடுப்பில் கட்டம்போட்ட துணியோடு வட்டமாக அமர்ந்து ‘சக் சக்’ என்று பின்னிப் பின்னி ஒலிக்க, நடுவில் விளக்கைச் சுற்றி இராமாயணம் நடிக்கப்படுகிறது. இசைக்கருவி எதுவும் இல்லை. சீதை கவரப்படுவதும் அனுமன் தீயில் சிக்குவதும் முக்கியக் காட்சிகள். இதைப் பண்டைக் காலச் சடங்கு என்று பல வழிகாட்டிகள் சொல்வதுண்டு. உண்மையில் இன்றைய வடிவம் 1930களில் பெடுலு ஊரில் உருவானது. நோய் நீக்க ஆடப்பட்ட சாங்யாங் என்ற அருள்நிலை ஆட்டத்தின் ஆண்குரல் குழுவைத் தனியே எடுத்து, நடனக் கலைஞர் வாயான் லிம்பாக்கும் உபுடில் வாழ்ந்த ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸும் சேர்ந்து பார்வையாளருக்கான ஆட்டமாக அமைத்தார்கள். பார்ப்பவருக்காக ஆட்டத்தை மாற்றி அமைப்பதில் ஆராய்ச்சியாளர்களும் விலக்கில்லை. மீடும் பேட்சனும் எடுத்த புகழ்பெற்ற கத்தியாட்டப் படம், ஒரு குழுவுக்குப் பணம் கொடுத்து, காமிராவுக்கு வேண்டிய பகல் வெளிச்சத்தில் ஆடச் செய்து எடுத்ததுதான்.

பார்வையாளருக்காக உருவானது என்பதால் ஒரு கலை பொய்யாகிவிடாது. சடங்குக்கும் காட்சிக்கும் இடையிலான எல்லையைப் பாலியர்களே வெளிப்படையாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1971இல் டென்பசாரில் அறிஞர்களும் கலைஞர்களும் அதிகாரிகளும் கூடி, நடனங்களை மூன்றாக வகுத்தனர்: கோயிலின் உள்முற்றத்தில் தெய்வத்துக்கு ஆடுபவை வாலி, சடங்கோடு ஒட்டி நடு முற்றத்தில் ஆடுபவை பெபாலி, மக்கள் பார்த்து மகிழ வெளியே ஆடுபவை பாலி-பாலிஹான். 2015இல் யுனெஸ்கோவும் இந்த மூவகைகளைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கோயிலில் பெண்கள் மலர்த்தட்டு ஏந்தி ஆடும் பெண்டெட் ஹோட்டல்களில் வரவேற்பு நடனமாக மாறியபோது, சமயத் தலைவர்கள் வருந்தினார்கள். அதற்கு மாற்றாக, பயணிகளுக்கென்றே பன்யெம்ப்ராமா என்ற புதிய நடனத்தைக் கலைஞர்கள் அமைத்துத் தந்தார்கள். அழகாக அமைந்துவிட்டதால், சில ஆண்டுகளில் அதையே இளம்பெண்கள் கோயில் விழாவிலும் ஆடத் தொடங்கினார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் பிக்கார் இந்த நிகழ்வை விரிவாக எழுதியிருக்கிறார். பண்பாடும் சுற்றுலாவும் தனித்தனி அறைகளில் இருப்பதாக நினைத்த 1971 திட்டத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி கிடைக்காது.

எந்த மேடையைத் தேர்வது என்பதில் வேறுபாடு பெரிது. உலுவாட்டுக் கோயிலின் பாறை முனையில், கடலில் சூரியன் விழும் நேரத்தில் நடக்கும் கெச்சாக், இடத்தின் பொலிவால் மனத்தைக் கொள்ளை கொள்ளும், கூட்டமும் அப்படியே. அங்குள்ள குரங்குகள் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு, தின்பண்டம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். உபுடில் நாளுக்கு ஒரு குழு என்று முறைவைத்து ஊர்ச் சபைகளின் குழுக்கள் ஆடுகின்றன. ‘பஞ்சார்’ எனப்படும் இந்தத் தெருச்சபையில் மணமான ஒவ்வொரு குடும்பமும் உறுப்பு. சாவு முதல் திருவிழா வரை எல்லாக் கடமையும் அதன் வழியே நடக்கும். ஆடுகிறவர் பகலில் தச்சராகவோ ஓட்டுநராகவோ இருப்பார். நுழைவுச் சீட்டு ஒரு லட்சம் ரூப்பியா அளவில் இருக்கும். வசூலில் ஒரு பங்கு ஊரின் கமெலான் கருவிகளுக்கும் கோயில் செலவுக்கும் போகிறது. உபுட் அரண்மனை முற்றத்தில் இரவில் நடக்கும் லெகோங் ஆட்டத்தை அருகில் அமர்ந்து பார்த்தால், ஆடுமகளின் கண்ணும் விரலும் வெண்கலத் தட்டொலியோடு இம்மி பிசகாமல் பொருந்துவது தெரியும். பரதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மிகவும் நெருங்கி வரும்.

கோயில்கள் தமிழ்ப் பயணிக்கு ஒரே நேரத்தில் தெரிந்தவையாகவும் தெரியாதவையாகவும் இருக்கின்றன. கருவறை இருளும் மூலவரும் இங்கில்லை. வானம் பார்த்த மூன்று முற்றங்கள், இரண்டாகப் பிளந்து நிற்கும் வாயில், ஒற்றைப்படை அடுக்குகளில் பதினொன்று வரை உயரும் கருநார்க் கூரை மேருக்கள், உச்சியில் வெற்று இருக்கையாக விட்ட பத்மாசனம். விழா நாளில் மட்டும் தெய்வங்கள் இறங்கிவந்து அமர்வதாக நம்பிக்கை; மற்ற நாட்களில் முற்றம் வெறிச்சென்றிருக்கும். சைவக் குருமார் காலையில் செய்யும் சூரிய வழிபாட்டின் மந்திரங்களும் முத்திரைகளும் சைவ ஆகம மரபோடு உறவுள்ளவை. ஜாவாவின் பழைய சிவன் கோயில்களில் தென்புற மாடத்தில் அகத்தியர் நிற்கிறார். தமிழகக் கோயில்களில் அதே திசையில் தட்சிணாமூர்த்தி. இன்னும் பழைய தொடர்பும் உண்டு. வட பாலியின் செம்பிரான் கடற்கரையில் அகழ்ந்தபோது, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்தவற்றை ஒத்த, உருளையால் புள்ளிவரி இட்ட பானையோடுகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல்வழி வணிகம் இங்கு எட்டியிருக்கிறது.

தம்பதியர் அதிகம் நாடுவது தம்பாக்சிரிங் அருகிலுள்ள தீர்த்தா எம்புல். பத்தாம் நூற்றாண்டு முதல் புனிதமாகப் போற்றப்படும் ஊற்று அது. வரிசையாக உள்ள நீர்த்தாரைகளின் கீழ் ஒவ்வொன்றாகத் தலைகொடுத்து நீராடுவது தூய்மைச் சடங்கு. இறந்தோருக்கான சடங்கோடு தொடர்புள்ள தாரைகளை மற்றவர்கள் தவிர்க்க வேண்டும். இதை அறியாமல் வரிசை முழுக்க நீராடுவோர் பலர். நண்பகலில் போனால், நீராட வந்தவர்களைவிடப் படமெடுக்க நிற்பவர்கள் அதிகம். விடிந்ததும் போனால் ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வழிபடுவதைக் காணலாம். அதன் அருகே குனுங் காவியில், ஏறத்தாழ 300 படி இறங்கிய பள்ளத்தில், பாறையில் குடைந்த 11ஆம் நூற்றாண்டு அரச நினைவுக் கோயில்கள் பத்து நிற்கின்றன. கூட்டம் குறைவு, அமைதி அதிகம். ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் என்றால் இதையே சொல்ல வேண்டும். எந்தக் கோயிலிலும் இடுப்பில் சாரோங்கும் அதன்மேல் கச்சையும் கட்ட வேண்டும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நுழையக்கூடாது என்ற அறிவிப்பு வாயிலிலேயே இருக்கும். அண்மையில் சாவு நேர்ந்த வீட்டாருக்கும் அதே தடை உண்டு. பூசாரியைவிட உயரமான இடத்தில் ஏறி நிற்பது பெரிய அவமதிப்பு.

பாலியின் பண்பாட்டில் மிக ஆழமானதும், உலாவில் மிக மேலோட்டமாகக் கடந்துபோவதும் நெல்வயல்தான். படிப்படியாக மலைச்சரிவில் இறங்கும் வயலைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வது பத்து நிமிட வேலை. அந்தப் படிகளுக்குள் தண்ணீர் எப்படி வருகிறது என்பது தனி வரலாறு. ஒரே தலைவாய்க்காலில் நீர் எடுக்கும் உழவர்கள் எல்லோரும் சேர்ந்த சங்கம் சுபாக். யுனெஸ்கோ தரும் கணக்கில் இத்தகையவை தீவில் சுமார் 1,200, ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 உழவர் வரை. பதினோராம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே இந்த ஏற்பாட்டின் பெயர் வருகிறது. நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி மடை திறந்து முறைவைத்தது போலவே இங்கும் முறை உண்டு. கூடுதலாக, ஒவ்வொரு மதகுக்கும் ஒரு கோயில், எல்லாவற்றுக்கும் மேலே பாத்தூர் எரிமலை ஏரியின் கோயில். எந்தச் சுபாக் எப்போது நடவு செய்யும், எப்போது வயலைத் தரிசாக விடும் என்பது இந்தக் கோயில் வரிசையின் கூட்டங்களில் முடிவாகிறது.

1970களில் பசுமைப் புரட்சி வந்தபோது, கோயில் அட்டவணையை விட்டுவிட்டுப் புதிய ரகங்களை இடைவிடாது பயிரிடுமாறு உழவர்கள் வற்புறுத்தப்பட்டார்கள். சில பருவங்களிலேயே புகையானும் துங்ரோ நோயும் வயல்களை வாரிக்கொண்டு போயின. தண்ணீர்த் தகராறும் பெருகியது. பக்கத்துச் சுபாக்குகள் ஒரே காலத்தில் அறுத்து ஒரே காலத்தில் வயலை நீரில் மூழ்கவிட்டால், பூச்சிக்கு உணவும் இருப்பிடமும் இல்லாமல் போகும். ஆனால் எல்லோரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. இரண்டுக்கும் இடையே சரியான சமநிலையைக் கோயில் முறை கண்டிருந்தது என்பதை அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து கணினி மாதிரி அமைத்துக் காட்டினார். 2012இல் இந்தச் சுபாக் நிலப்பரப்பு உலக மரபுச் சின்னமானது. அந்தப் பட்டியலில் இருப்பது பாத்துக்காரு மலையடியில் உள்ள ஜத்திலுவி போன்ற இடங்கள். ஊஞ்சலும் காப்பிக்கடையும் நிறைந்த, எல்லாப் படங்களிலும் தோன்றும் தெகலாலாங் அதில் இல்லை. ஜத்திலுவி உபுடிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஆனால் அங்கே வரப்பில் ஒரு மணி நேரம் நடந்து, வாய்க்கால் பிரியும் இடத்தில் நீர் அளவாகப் பங்கிடப்படுவதையும், வயல்மூலையில் நெல் தெய்வம் தேவி ஸ்ரீக்கு வைத்த சிறு படையலையும் பார்த்துவிட்டு வந்தால், தீவின் மற்ற எல்லாம் பிடிபடத் தொடங்கும். மூன்று பகலில் ஒன்றை இதற்கு முழுதாகக் கொடுப்பது வீணாகாது.

கைவினை ஊர்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாத்துபுலானில் கல், செலுக்கில் வெள்ளி, மாஸில் மரம் என்று சாலையோரக் கடைகள் நீள்கின்றன. ஓட்டுநருக்குக் கடைக்காரர் தரும் கமிஷன் விலைக்குள் இருக்கிறது. விதிவிலக்கு, கிழக்கே உள்ள தெங்கானான். பாவும் ஊடும் இரண்டையும் நெய்வதற்கு முன்பே கட்டிச் சாயமிட்டு, தறியில் புள்ளிக்குப் புள்ளி பொருத்தும் இரட்டை இக்கத் துணியான கெரிங்சிங் இந்தோனேசியாவில் இங்கு மட்டுமே நெய்யப்படுகிறது. நுணாவேரின் சிவப்பு மேலும் மேலும் ஏறுவதற்குச் சாயம் மறுபடி மறுபடி இடப்படுவதால் ஒரு துணி முடிய ஆண்டுகள் ஆகும். குஜராத்தின் பட்டோலாவும் இதே நுட்பத்தைச் சேர்ந்தது. வணிகத்தில் வந்த பட்டோலா இத்தீவுகளில் அரச உடையாக மதிக்கப்பட்டது. வாங்க வசதியில்லாவிட்டாலும், திண்ணையில் அமர்ந்து நெய்பவரைப் பார்ப்பதே போதும்.

நாட்காட்டியைப் பார்க்காமல் நாள் குறிப்பது பெரிய இழப்பு. பல கோயில் விழாக்கள் 210 நாள் கொண்ட பாவுக்கோன் சுற்றின்படி வருகின்றன. கலுங்கான் நாளில் முன்னோர் வீடு திரும்புவதாக நம்பி, ஒவ்வொரு வாசலிலும் வளைந்த மூங்கில் கம்பம் நடுகிறார்கள்; பத்தாம் நாள் கூனிங்கானில் விடை கொடுக்கிறார்கள். அந்த நாட்களில் தெருவே உலாவாகிவிடும், சீட்டு வேண்டாம். சக ஆண்டின் முதல் நாளான நியெப்பி மார்ச் வாக்கில் வரும். முந்திய மாலை பூத உருவங்களைத் தெருவெங்கும் தூக்கிவருவார்கள். மறுநாள் காலை முதல் 24 மணி நேரம் நெருப்பு, வேலை, பயணம், கேளிக்கை நான்கும் கூடாது. விமான நிலையமே மூடப்படும். விடுதி விருந்தினரும் வளாகத்தை விட்டு வெளியே வரக்கூடாது. கையில் நிற்கும் மூன்று பகலில் ஒன்று இதற்குப் போவதைச் சிலர் இழப்பாக நினைக்கலாம். முன்பே தெரிந்து வந்த தம்பதியருக்கு அதைவிட நல்ல ஓய்வு நாள் வாய்க்காது.

தம்பதியருக்கென்று விற்கப்படும் சேர்க்கைகள் தனி வகை. குளத்தில் மிதக்கும் காலையுணவுத் தட்டு, மலர் நிரப்பிய தொட்டி, பள்ளத்தாக்கின்மேல் ஆடும் ஊஞ்சலில் நீளமான வாடகைப் பாவாடையோடு படம். இவற்றுக்கும் பாலிக்கும் தொடர்பு குறைவு. வேண்டுவோர் எங்கும் பெறலாம். தானா லோட் கோயிலுக்கு மணமாகாத இணைகள் சேர்ந்து போனால் பிரிவு நேரும் என்று உள்ளூரில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. சட்டத்தைப் பற்றிய அச்சமும் சிலருக்கு உண்டு. 2022 டிசம்பரில் நிறைவேறி, 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு உரியதான புதிய தண்டனைச் சட்டம் மணமாகாமல் சேர்ந்து வாழ்வதைக் குற்றமாக்குகிறது. ஆனால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவர் புகார் கொடுத்தால்தான் வழக்கு.

இத்தனைக்கும் விலை கொடுப்பது தீவின் நிலமும் நீரும். தெற்கின் வறண்ட முனையில் ஒவ்வொரு வில்லாவுக்கும் ஒரு நீச்சல் குளம். ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதால் கரையோர நிலத்தடி நீரில் உப்பு ஏறுகிறது. உபுடைச் சுற்றிய வயல்கள் மனைகளாக விற்கப்படும்போது, நடுவில் ஒரு வயல் போனாலும் அதற்குக் கீழே உள்ள வயல்களுக்கு வாய்க்கால் அறுந்துபோகும். 2013 முதல் பெனோவா விரிகுடாவை மண்ணிட்டு நிரப்பி ரிசார்ட் தீவுகள் அமைக்கும் திட்டத்தை எதிர்த்து இளைஞர்களும் இசைக்குழுக்களும் ஊர்ச் சபைகளும் ஆண்டுக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். புனித மரங்களிலும் கோயில்களிலும் நாகரிகமற்ற படங்கள் எடுத்தவர்களால் எழுந்த கோபத்துக்குப் பின், 2023இல் மாகாண ஆளுநர் பயணிகளுக்கான கடமைகளையும் தடைகளையும் சுற்றறிக்கையாக வெளியிட்டார்: புனித மரத்தில் ஏறக்கூடாது, வழிபடாதவர் உள்முற்றத்தில் நுழையக்கூடாது, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கூடாது. மீறியவர்கள் நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள்.

2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் பாலிக்குள் நுழைய 1,50,000 ரூப்பியா செலுத்த வேண்டும். இந்தியர்கள் வந்திறங்கியதும் பெறும் 30 நாள் விசாவுக்கான 5,00,000 ரூப்பியாவுக்கு இது புறம்பானது. பண்பாட்டையும் சுற்றுச்சூழலையும் காக்கவே இந்தத் தொகை என்று மாகாண விதி கூறுகிறது. புறப்படும் முன்பே இணையத்தில் கட்டலாம், விமான நிலையத்திலும் கட்டலாம். ரசீதைக் கைபேசியில் வைத்திருப்பது நல்லது. சுற்றுலாத் தலங்களில் அதிகாரிகள் அவ்வப்போது சோதிக்கிறார்கள்.